நீலச் செருப்பு கரையேறிய பக்கம்

பள்ளி நூலகங்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் புத்தகங்களை அடுக்குவதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. எண் போடுவது, உறை போடுவது, கிழிந்த பக்கத்தை ஒட்டுவது எல்லாம் கைவேலை. சில வாரங்களில் கை தானாகப் பழகிவிடும். சிட்லபாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் வெகுநாள் 'லைப்ரரி சார்' என்று அழைக்கப்பட்டு, சென்ற ஆண்டு விருப்ப ஓய்வு பெற்று வெளியே வந்தவன் நான். கைக்குப் பழகாத ஒன்றைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

படப் புத்தகத்தை வாசித்துக் காட்டும்போது அதைத் தோளருகே, பக்கங்கள் குழந்தைகளைப் பார்த்தபடி பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்தால் நமக்குப் படம் தெரியாது. தாளின் ஓரம் மட்டும் தெரியும். படத்தை எதிரே உட்கார்ந்திருக்கும் முகங்களில்தான் நாம் பார்க்க முடியும். தாம்பரத்தில் நான் முதலில் வேலை பார்த்த பள்ளியில் ஒரு மூத்த ஆசிரியை இருந்தார். அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்று. "பக்கத்தத் திருப்பறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு விடுங்க சார். நீங்க அடுத்த பக்கம் போயிருப்பீங்க, புள்ளைங்க இன்னும் இங்கதான் இருப்பாங்க." அந்த ஒரு மூச்சை வைத்துத்தான் இத்தனை காலம் வேலை பார்த்தேன். ஆனால் தோளருகே பிடித்துப் பிடித்தே பல புத்தகங்களின் படங்களை நான் சரியாகப் பார்த்ததில்லை என்பது ஒரு மழைநாளில்தான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் சிட்லபாக்கம் பள்ளியில் மழைக்காலத்தில் படப் புத்தக வாரம் கொண்டாடுவோம். ஒவ்வொரு வகுப்பும் ஓர் ஓவியரைத் தேர்ந்தெடுக்கும். எழுத்தாளரை அல்ல, ஓவியரை. வகுப்பு வாசலில் அவர் பெயர் தொங்கும். அந்த வாரம் முழுவதும் வருகைப் பதிவின்போது யாரும் 'உள்ளேன் மிஸ்' என்று சொல்லக் கூடாது. அந்த ஓவியர் வரைந்த ஏதாவது ஒன்றின் பெயரைச் சொல்லித்தான் எழுந்து நிற்க வேண்டும். காலையில் நடைவழியில் போனால் ஒவ்வொரு அறையிலிருந்தும் தவளை, தபால்பெட்டி, கிழிந்த குடை, பல்லி என்று குரல்கள் கேட்கும். வெளியே ஏரியின் மேல் மழை பெய்துகொண்டிருக்கும். உள்ளே உலகம் மெல்ல வேறொன்றாக மாறிக்கொண்டிருப்பது போலத் தோன்றும்.

அந்த ஆண்டு இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் தேர்ந்தெடுத்த ஓவியரின் புத்தகத்தில் ஒரு சொல்கூடக் கிடையாது. முழுக்கப் படங்கள்தான். முதல் பக்கத்தில் மழை, ஒரு வீட்டு வாசல், அங்கே ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு. தெருவில் தண்ணீர் ஏறுகிறது. ஒரு செருப்பு மட்டும் மிதந்து கிளம்பிவிடுகிறது. அதன் மேல் ஒரு தவளை ஏறுகிறது. பிறகு எறும்புகள், காலை நேர மின்சார ரயிலில் ஏறுவது போல முண்டியடித்து ஏறுகின்றன. நின்றிருக்கும் ஆட்டோவுக்கு அடியில் நுழைந்து, ஒரு பூனைக்குட்டியின் கால்நகத்துக்குத் தப்பி, மதில் ஓட்டை வழியாக அது ஏரிக்குப் போய்ச் சேர்கிறது. கடைசிப் பக்கத்தில் மாலை வெளிச்சம், பெரிய ஏரி, நடுவில் தனியாக ஒரு சின்னச் செருப்பு. அதற்கப்புறம் அட்டையின் உள்பக்கத்தில் வெறும் நீலம். நடுவில் எங்கள் நூலகத்தின் தேதிச் சீட்டு. புத்தகத்தை என்றைக்குத் திருப்பித் தர வேண்டும் என்று முத்திரை குத்துவோமே, அந்தச் சீட்டு.

அந்த வகுப்புக்குக் காலாண்டு விடுமுறை முடிந்து புதிதாக வந்தவள் தர்ஷினி. கோவளம் பக்கத்து மீனவக் குப்பத்துப் பெண். படிப்புக்காக சிட்லபாக்கத்தில் மீன் விற்கும் அத்தை வீட்டில் விட்டிருந்தார்கள். முதல் நாள் மிஸ் அவளை ஊரைப் பற்றிச் சொல்லச் சொன்னார். "எங்க வூடு கடலுகிட்ட கீது மிஸ்" என்றாள். வகுப்பு சிரித்தது. கெட்ட பிள்ளைகள் இல்லை, காதுக்குப் புதிதாக இருந்ததால் சிரித்தார்கள். ஆனால் சிரித்தது சிரித்ததுதான். அதன் பிறகு அவள் எதுவும் பேசவில்லை. வருகைப் பதிவுக்குக் கையை மட்டும் தூக்குவாள்.

நூலக வகுப்பில் அந்தப் படப் புத்தகத்தை ஆளுக்கொரு பக்கமாகச் சொல்லச் சொன்னேன். உட்கார்ந்திருந்த வரிசைப்படி கடைசிப் பக்கம் தர்ஷினிக்கு வந்தது. அவள் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்தவரிடம் கொடுக்கச் சொல்லலாமா என்று யோசித்தேன். பிறகு ஒரு மூச்சு விட்டேன்.

"இது தனியா இல்ல" என்றாள். "இன்னொண்ணு தேடிகினு வருது."

"எது?" என்று கேட்டான் முன்வரிசை கவின். அந்த வகுப்பின் நீதிபதி அவன்தான்.

"இன்னொரு செருப்பு. வூட்டுல ஒத்தையா இன்னா பண்ணும் அது? அதுவும் தண்ணில எறங்கிடுச்சு."

யாரும் சிரிக்கவில்லை. எப்படி இறங்கியது, வழி எப்படித் தெரியும், பூனை பிடிக்காதா என்று கேள்விகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. அடுத்த நாள் வருகைப் பதிவில் அவள் பெயரைக் கூப்பிட்டபோது எழுந்து நின்று, "ஒத்தச் செருப்பு" என்றாள். மிஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்ததாக என்னிடம் சொன்னார்.

மாடிப்படியிலிருந்து நூலக வாசல் வரை நடைவழிச் சுவரில் நீளமாகக் காடாத் துணி கட்டி, அந்தக் கதையைப் பிள்ளைகள் வரைந்தார்கள். வாசலை ஒட்டிய கடைசித் துண்டு தர்ஷினியுடையது. அதில் இன்னொரு செருப்பை வரைந்தாள். அதன் முனை ஏரியைப் பார்த்து நேராக இருந்தது. வேறு யாரையும் அந்த இடத்தில் தூரிகை வைக்க விடவில்லை. தினமும் காலையில் வந்ததும் காய்ந்துவிட்டதா என்று விரல் நுனியால் தொட்டுப் பார்ப்பாள். ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தால் துணி உப்பி இறங்கும். அப்போது வரைந்த தண்ணீர் நிஜமாகவே அலைவது போலிருக்கும். சில பிள்ளைகள் அந்த இடத்தைக் கடக்கும்போது பாவாடையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

வாரத்தின் கடைசி நாள். அந்த ஓவியரே வருவதாக இருந்தது. ஊரப்பாக்கத்தில் இருப்பவர். அழைத்தவுடன் சரி என்றுவிட்டார். அவர் கையெழுத்திட்டுக் கொடுப்பதற்காக அதே புத்தகத்தின் புதிய பிரதிகள் காலையில் கட்டாக வந்து இறங்கின. வந்த புத்தகம் ஒவ்வொன்றையும் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் மேசையில் வைப்பேன். அது என் பழக்கம். கடைசிப் பக்கத்தைத் தாண்டி அட்டையின் உள்பக்கத்துக்கு வந்தேன். அங்கே வெறும் நீலம் மட்டும் இல்லை. நீலத்தின் நடுவே ஒரு கரை, கரையில் ஒரு சின்னப் பையன். கையில் குச்சி. குச்சியின் நுனியில் அந்தச் செருப்பு.

கதை அங்கேதான் முடிகிறது. எங்கள் பிரதியில் அந்தக் கரையையும் பையனையும் மறைத்தபடி தேதிச் சீட்டு ஒட்டப்பட்டிருந்தது.

அந்தச் சீட்டை ஒட்டியது யார் என்று நான் தேடவில்லை. யார் ஒட்டினாலும் அங்கேதான் ஒட்டியிருப்பார்கள். எல்லா நூலகங்களிலும் அதுதான் வழக்கம். படப் புத்தகத்தில் கதை அட்டையிலேயே தொடங்கி அட்டையில்தான் முடியும் என்பதை நம்மைப் போன்றவர்களால் மட்டும்தான் மறக்க முடியும்.

தலைமை ஆசிரியையிடம் காட்டினேன். அன்று காலை பணியாட்களோடு சேர்ந்து தானே நடைவழியைத் துடைத்தவர் அவர். கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கிப் பார்த்தார்.

"என் புக்க கடைசி வரைக்கும் பாக்கவே இல்லையான்னு அவங்க கேட்டா என்ன சார் சொல்றது? பேரன்ட்ஸ் வேற வராங்க." பிறகு துணியைப் பார்த்தார். கடைசித் துண்டை மட்டும் சுருட்டிக் கட்டிவிட்டு, அந்த இடத்தில் வரவேற்புப் பலகையை வைத்துவிடலாம் என்றார். இல்லாவிட்டால் புதுப் பிரதிகளை விழா முடியும்வரை பிரிக்க வேண்டாம் என்றார். இரண்டுமே நியாயமான யோசனைகள்தான். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் யோசித்திருப்பேன்.

ஆனால் துணியைச் சுருட்டினால் தினமும் வந்து தொட்டுப் பார்க்கும் விரல் சும்மா விடாது. புதுப் பிரதியை மறைத்தால் ஓவியர் வாயிலிருந்தே முடிவு வந்துவிடும். எதுவும் செய்யாமல் விட்டால் எல்லோர் முன்னாலும் யாராவது ஒரு பிள்ளை அந்தப் பையனைக் கண்டுபிடிக்கும். இரண்டாம் வகுப்பில் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த சொல் 'தப்பு'. அதை ஆசையாகச் சொல்வார்கள். அந்த ஒரு சொல் போதும், தர்ஷினி மறுபடியும் கையை மட்டும் தூக்கும் பெண்ணாகிவிடுவாள். இந்த முறை எத்தனை மாதத்துக்கோ தெரியாது.

"கொஞ்ச நேரம் குடுங்க மேடம். மொதல்ல அந்தப் பொண்ணுகிட்ட காட்டிடறேன்."

"அழுதுட்டா?"

"அழுதா இங்க அழட்டும். அங்க எல்லார் முன்னாடியும் வேணாம்."

 அவர் துணியைச் சுருட்டிக் கட்டக் கொண்டுவந்திருந்த கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு போனார்.

தர்ஷினியை நூலகத்துக்கு அழைத்து வந்து பாயில் உட்கார வைத்தேன். சன்னலுக்கு வெளியே மழை. புத்தகத்தை நான் பிடிக்கவில்லை, அவள் மடியில் வைத்தேன். கடைசியை நேராகத் திறந்து காட்டிவிடலாம் என்று கை பரபரத்தது. அவளோ முதல் பக்கத்திலிருந்து தொடங்கினாள். தவளையிடம் நின்றாள். எறும்புகளிடம் நின்றாள். ஏரிக்கு வந்தாள். பிறகு அட்டையின் உள்பக்கம். அவள் விரல் பையனிடம் போனது.

"யாரு சார் இவன்?"

"அந்தச் செருப்புக்குச் சொந்தக்காரன்."

"கண்டுபுடிச்சிட்டானா?"

"ஆமாம்மா."

அவள் அட்டையைக் கண்ணருகே கொண்டுபோனாள். நீ வரைந்ததும் நன்றாகத்தான் இருக்கிறது, இது ஒரு முடிவு, அது ஒரு முடிவு என்று நான் சொல்ல வேண்டியதைத் தயாரித்துக்கொண்டிருந்தேன். அந்த மாதிரி ஆறுதலைக் குழந்தைகள் வாயைத் திறப்பதற்கு முன்பே கண்டுகொள்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

"சார், இவன் வெறுங்காலோட கீறான்."

குனிந்து பார்த்தேன். ஆமாம். அரிசி அளவுக் கால்கள். இரண்டிலும் செருப்பு இல்லை.

"அப்ப இன்னொண்ணு எங்க?" அவள் முதல் பக்கத்துக்குப் போனாள். வாசலில் ஜோடியாக இருந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு பக்கமாகத் தேடினாள். நானும் சேர்ந்து தேடினேன். வாசலில் இல்லை, தெருவில் இல்லை, பையன் காலிலும் இல்லை. அந்தப் புத்தகத்தை எத்தனையோ முறை தோளருகே பிடித்தவன் நான். அந்தப் படங்களை அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

"எங்கயும் இல்ல சார்" என்றாள். அவள் முகம் அப்போதுதான் மாறியது. "இவன் இத எடுத்துகினு வூட்டுக்குப் பூட்டான்னா, அது இங்க வந்து தேடுமே."

தான் சொன்னது தவறாகிவிட்டதோ என்ற கவலை அவளுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. அந்தக் கவலை முழுவதும் என்னுடையது. அவள் கவலை தண்ணீரில் வந்துகொண்டிருக்கும் செருப்பைப் பற்றியது.

அதற்குள் வாசலில் ஆரவாரம். ஓவியர் ரயிலிறங்கி, முழங்கால்வரை நனைந்து, குடையை உதறிக்கொண்டு வந்தார். இளம் பெண். நடைவழித் தொடக்கத்தில் செருப்பைக் கழற்றி வைத்தார். இரண்டாம் வகுப்பே குனிந்து அதைப் பார்த்தது. கறுப்பு. கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அவர் துணியை ஒட்டி மெதுவாக நடந்தார். தவளையிடம் நின்றார். எறும்புகளிடம் தரையில் உட்கார்ந்தே விட்டார். ஒவ்வொன்றையும் யார் வரைந்தது என்று கேட்டார். பிள்ளைகள் அவரோடு ஊர்ந்துகொண்டே வந்தார்கள். பின்னால் பெற்றோர், அவர்களுக்குப் பின்னால் நானும் தலைமை ஆசிரியையும். கடைசித் துண்டுக்கு வந்ததும் அவர் நிமிர்ந்தார்.

"இது என் புக்ல இல்லையே."

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் கவின் மேசைக்கு ஓடிப்போய்ப் புதுப் பிரதியைப் பிரித்துவிட்டான். பின்னாலிருந்து புரட்டுவது அவன் பழக்கம்.

"டேய், ஒரு பையன் எடுத்துட்டான்டா. தர்ஷினி சொன்னது தப்பு."

தலைமை ஆசிரியை என்னைத் திரும்பிப் பார்த்தார். புதியவர்களே, இந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். பேசுவதற்கு என்னிடம் எல்லாம் இருந்தது. வெறுங்காலைப் பற்றி நானே சொல்லி, அவளைக் காப்பாற்றி, கைதட்டலும் வாங்கியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அது என் கண்டுபிடிப்பாகியிருக்கும். நான் ஒரு மூச்சு விட்டேன். அது முடிந்தது. இன்னொன்றும் விட்டேன். 

"தப்பு இல்ல. அவன் கால பாரு" என்றாள் தர்ஷினி.

கவின் பார்த்தான். பக்கத்தில் நாலைந்து தலைகள் புத்தகத்துக்குள் நுழைந்தன. அதற்குள் அவள் ஓவியரிடம் போயிருந்தாள்.

"அக்கா, இன்னொரு செருப்ப நீ எங்க வரஞ்ச?"

தலைமை ஆசிரியை 'நீ'யைக் கேட்டு நெளிந்தார். ஓவியர் புத்தகத்தை வாங்கித் தானே புரட்டினார். முதல் பக்கம் தாண்டியதும் அவர் கை மெதுவானது.

"வரையலையே. அது வீட்லயே இருக்கும்னு நெனச்சுட்டேன்."

"நெனச்சியா, பாத்தியா?"

பெற்றோர் பக்கமிருந்து ஒரு சிரிப்பு வந்து பாதியில் நின்றது. ஓவியர் சிரிக்கவில்லை. "பாக்கல" என்றார்.

"அப்ப அது கெளம்பிடுச்சு. நான் பாத்தேன்." துணியைக் காட்டினாள்.

அதற்குப் பிறகு யாருக்கும் விழா நினைவில் இல்லை. பையன் செருப்போடு வீட்டுக்குப் போய்விட்டால் இன்னொன்றின் கதி என்ன என்பதுதான் கேள்வி. அவன் எடுத்ததை மறுபடியும் தண்ணீரில் விடவேண்டும் என்றது ஒரு கட்சி. விட்டால் பூனை பிடித்துவிடும் என்றது இன்னொரு கட்சி. கவின் பையனைத் திட்டினான். "லூசு, ஜோடி எங்கன்னு பாக்க மாட்டானா." அவன் எப்போது கட்சி மாறினான் என்று நான் கவனிக்கவில்லை.

ஓவியர் தூரிகை கேட்டார். துணியின் முன்னால் மண்டியிட்டு, தர்ஷினியின் செருப்புக்கு அந்தப் பக்கம் மிச்சமிருந்த வெள்ளை இடத்தைக் காட்டி, இங்கே வரையலாமா என்று அவளிடம் அனுமதி கேட்டார். அவள் கொஞ்சம் யோசித்துத்தான் தலையாட்டினாள்.

"இவன இப்ப என்ன பண்ணலாம்?"

"கரையிலயே ஒக்கார வை அக்கா" என்றாள் தர்ஷினி. "வூட்டுக்குப் போவ வேணாம். அது வந்துகினு கீது."

அந்தக் கடைசிச் சொல் அந்த நடைவழியில் விழுந்தபோது முதல் நாள் அதற்குச் சிரித்த அதே வகுப்புதான் அங்கே நின்றிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது நகர்கிறதா என்று. காற்று வந்தது. துணி உப்பி இறங்கியது.

ஓவியர் பையனை உட்கார்ந்தபடி வரைந்தார். மடியில் ஒரு செருப்பு. எதிரே வரும் இன்னொன்றுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு சாண் தண்ணீர்.

அடுத்த சில வாரங்களுக்கு அந்தப் பள்ளியில் எது தாமதமானாலும் பிள்ளைகள் அந்தச் சொல்லைத்தான் சொன்னார்கள். சாப்பாட்டு மணிக்கு, பள்ளி வேனுக்கு, வராத வெயிலுக்கு. யாரோ ஒரு பெற்றோர் தொலைபேசியில் வேன் எங்கே என்று கேட்டபோது தலைமை ஆசிரியையே "வந்துகினு கீது" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பழைய பிரதியிலிருந்த சீட்டை ஈரத் துணி வைத்து மெல்ல எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு அட்டையின் வெளிப்பக்கத்தில்தான் ஒட்டினேன், நீங்களும் அப்படியே ஒட்டுங்கள். வாசித்து முடித்ததும் புத்தகத்தை உங்கள் பக்கம் திருப்பி, முதல் தாளிலிருந்து கடைசி அட்டை வரை நீங்களும் ஒருமுறை பாருங்கள். அதற்கு மேல் எனக்குத் தெரிந்தது, அந்த ஒரு மூச்சும், தேவைப்பட்டால் இன்னொரு மூச்சும்தான்.

துணி அரையாண்டு விடுமுறை வரை இருந்தது. கழற்றியபோது, காடாத் துணி வழியாக வண்ணம் ஊறிச் சுவரில் இறங்கியிருந்தது தெரிந்தது. மே மாதம் வெள்ளையடிக்க வந்தவர் நூலக வாசலருகே வந்து, இதையும் அடித்துவிடலாமா என்று கேட்டார். தலைமை ஆசிரியை அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னார். நான் விடைபெற்ற அன்று கடைசியாக அதன் முன் நின்றேன். செருப்பளவு ஒரு நீலம். தள்ளி, உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன உருவம். நடுவில் அந்த ஒரு சாண்.

ஐந்தாம் வகுப்புக்குப் போய்விட்ட தர்ஷினி அந்த வழியாக வந்தாள். நின்று என்னைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். பழக்கம் போகவில்லை போலிருக்கிறது. விரல் நுனியால் நீலத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் காயல சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.